பதினோரு இடது கைகள்

நான் மின்வாரியத்தில் வேலை பார்க்கவில்லை. இதை எங்கள் தெருவில் எத்தனை முறை சொல்லியும் ஒருவரும் ஒப்புக்கொள்வதில்லை. கரண்டு போனால் எங்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள். புது இணைப்புக்கு எழுதிப்போட்டது என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்வதற்குள், "கேட்டுச் சொல்லுவா, நீங்க போங்க" என்று அம்மா அவர்களை அனுப்பிவைத்துவிடுவாள்.

நான் வேலை பார்ப்பது பாளையம்பட்டியைத் தாண்டி, முன்பு பருத்தி மூடை அடுக்கிவைத்த ஒரு பழைய கிட்டங்கியில் நடக்கும் சோதனைக்கூடத்தில். மின்வாரியம் என்றால் கம்பமும் கம்பியும் மீட்டர் அட்டையும்தான் வெளியே தெரியும். அதற்குப் பின்னால் நின்று தாங்கும் இடங்கள் நிறைய இருக்கின்றன. டிரான்ஸ்பார்மர் எண்ணெயில் ஈரம் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க ஓர் இடம், மீட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க ஓர் இடம், கம்பம் ஏறப் பழக்குவதற்கு ஓர் இடம். எங்கள் கூடத்துக்கு வருபவை, கம்பத்தில் வேலை செய்கிறவரின் உடம்புக்கும் மின்சாரத்துக்கும் நடுவில் இருக்கும் பொருள்கள்: இடுப்பு பெல்ட், நிறுத்திய கம்பியை மண்ணோடு இணைக்கும் எர்த் ராடு, ரப்பர் கையுறை. கையுறை என்று எழுதத்தான் செய்வோம். பேச்சில் அது கிளவுஸ்.

அப்பா அருப்புக்கோட்டை மார்க்கெட்டில் மூடை தூக்குகிறவர். அம்மா நூல் மில்லுக்குப் போகிறாள். இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட வராது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தது நான்தான். அதற்கு மேல் எலக்ட்ரிகல் டிப்ளமோ. அதை நான் அடக்கமாகச் சொல்லிக்கொண்டதில்லை, இப்போதும் அப்படித்தான். வேலையில் சேர்ந்து ஒரு வருடம் கழித்து எனக்கென்று ஒரு சீல் கொடுத்தார்கள். வட்டமாக இருக்கும். மேலே கூடத்தின் பெயர், நடுவில் என் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டு. சோதனையில் தேறிய ஒவ்வொரு கிளவுஸின் மணிக்கட்டுப் பக்கத்திலும் அதை நான் குத்த வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒரு மனிதர் கம்பிக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோவார். அம்மா கேட்டாள் என்று ஒரு வெள்ளைத் தாளில் குத்திக் கொடுத்தேன். அதை பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள். தலைகீழாக ஒட்டியிருந்தாள். நான் திருத்தவில்லை.

சோதனை இப்படித்தான் நடக்கும். கிளவுஸுக்குள் மணிக்கட்டு வரை தண்ணீர் ஊற்றி, அதைத் தண்ணீர்த் தொட்டியில் தொங்கவிடுவோம். உள்ளே இருக்கும் தண்ணீரில் ஒரு கம்பி, வெளியே தொட்டியில் ஒரு கம்பி. நடுவில் ரப்பர் மட்டும். கூண்டுக் கதவைச் சாத்திவிட்டு வோல்டேஜை மெதுவாக ஏற்றுவோம். ரப்பர் நல்லதாக இருந்தால் மீட்டர் முள் அசையாமல் கிடக்கும். கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை ஒன்று இருந்தாலும் 'டப்' என்று டிரிப் ஆகிவிடும். அந்தச் சத்தம் கேட்ட மாத்திரத்தில் கிளவுஸை எடுத்து மணிக்கட்டுப் பக்கம் கத்தரிக்கோலால் நறுக்கிவிட வேண்டும், திரும்ப யாரும் போட முடியாதபடி. அதுதான் விதி. ஆனால் எங்கள் வழக்கம் வேறாக இருந்தது. தேறாததன் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு மற்றவற்றோடு காயப்போடுவோம். சாயங்காலம் மேற்பார்வையாளர் சார் வந்து பார்த்த பிறகு, அவர் முன்னால் மொத்தமாக நறுக்குவோம். நல்லதை நறுக்கிவிட்டதாக யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது.

திருச்சுழி போகும் வழியில் இருக்கும் ஒரு மின்வாரியச் செக்சன் ஆபீஸிலிருந்து ஒயர்மேன் ஒருவர் கிளவுஸ் கொண்டுவருவார். ஐம்பது வயதை ஒட்டியவர். இருபது வருடத்துக்கு மேல் கம்பம் ஏறியவர். கூடத்துக்குள் வந்ததும் முதல் வேலையாக என்னைச் சீண்டுவார். கிளவுஸின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்தோரம் வைத்து அமுக்கிக் காட்டுவார். "இம்புட்டுத்தான் தாயி. ஊதிப் பாத்தா ஓட்டை இருந்தா மூஞ்சியில அடிச்சிரும். இதுக்குப் போயி தொட்டி கட்டி, கூண்டு கட்டி, ஒன்னைய டிப்புளமா படிக்கவச்சு." நானும் விடமாட்டேன். "உங்க கன்னத்துக்கு எத்தனை வோல்டு தாங்கும்ணே?" என்பேன். சிரித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

ஒரு நாள் அவர் பன்னிரண்டு ஜோடி கொண்டுவந்தார். மறுநாள் அவர்கள் செக்சனில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை ஒன்பது மணிக்கு லைனை நிறுத்திவிடுவார்கள், அதற்கு முன்னால் கிளவுஸ் வேண்டும் என்றார். சார் ஒரு வேலையாக விருதுநகர் போயிருந்தார். கூடத்தில் நான் மட்டும்தான். மத்தியானத்துக்குள் இருபத்துநான்கையும் தொட்டியில் போட்டுப் பார்த்து முடித்தேன். ஒன்றே ஒன்று தேறவில்லை. ஒரு இடது கை. துடைத்து, பெருக்கல் குறி போட்டேன். எல்லாவற்றையும் கிட்டங்கிக்குப் பின்னால், பச்சை வலைக்குக் கீழே கொடியில் தொங்கவிட்டேன். வெயில் பட்டால் ரப்பர் வெடிக்கும். அதற்காகக் கட்டிய வலை அது. மழையைப் பற்றி அதைக் கட்டியவர்கள் நினைக்கவில்லை. எங்கள் பக்கம் மழையை நினைத்து யார் எதைக் கட்டுகிறார்கள்?

மூன்று மணி வாக்கில் மேற்கே கறுத்தது. நான் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். தகரத்தில் நாலைந்து சொட்டு விழுந்த சத்தம் கேட்டது.

பின்னால் நடந்ததை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் கொடிக்கு ஓடியது டிப்ளமோ படித்தவள் இல்லை. சின்ன வயதில் குதிரைவாலியையும் மிளகாய் வற்றலையும் தார் ரோட்டில் காயப்போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள். தூறல் விழுந்தால் நல்லது எது சொத்தை எது என்று பார்க்கக் கூடாது. "மொதல்ல அள்ளு, அப்பறம் பிரி" என்று அம்மா கத்துவாள். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குக் கால் தானாக ஓடும். ஓடினேன். இரண்டு கையாலும் கொடியிலிருந்து உருவி உருவி, மார்போடு அணைத்து உள்ளே கொண்டுவந்து மேசையில் கொட்டினேன். கொட்டிய பிறகுதான் பார்த்தேன். இருபத்துநான்கும் நனைந்திருந்தன. எதன் மேலும் சாக்பீஸ் குறி இல்லை.

திரும்பச் சோதித்திருக்கலாம். தூறலோடு கரண்டும் போய்விட்டது. கரண்டு இல்லாமல் சோதனைக்கூடம் வெறும் தொட்டிதான்.

பழைய கிளவுஸ்கள். எண்கள் தேய்ந்துபோயிருந்தன. பன்னிரண்டு இடது கைகளையும் தனியே பிரித்தேன். ஒயர்மேன் செய்வதைப் போலக் காற்றை அடைத்து ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலும் காற்று வரவில்லை. பிறகு நினைவைத் துழாவினேன். குறி போடும்போது கட்டைவிரல் அடியில் ஒரு மைக்கறை பார்த்ததாகத் தோன்றியது. தேடினேன். கட்டைவிரல் அடியில் மைக்கறையோடு ஒரு இடது கை கிடைத்தது. அது கிடைத்தபோது எனக்கு வந்த நிம்மதியைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

வாசலில் ஒயர்மேன் வந்து நின்றார். மழை வெறித்துவிட்டது, அடுத்த மழைக்குள் போய்ச்சேர வேண்டும், ஆயிற்றா என்று கேட்டார். கரண்டு வரட்டும், ஒரு சந்தேகம் இருக்கிறது என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர், "என்ன மேடம், மழையில எல்லாத்தையும் கலக்கிவிட்டுட்டியா?" என்றார் சிரித்துக்கொண்டே. விளையாட்டுக்குத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

"எங்களுக்குத் தெரியும்ணே, எது எதுன்னு" என்றேன்.

மைக்கறை கிளவுஸை நறுக்கினேன். மீதிப் பதினோரு ஜோடிக்கும் சீல் குத்திக் கொடுத்தேன்.

ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்தவள், திரும்பிப் போய் நறுக்கிய கிளவுஸை எடுத்தேன். மணிக்கட்டில்தான் வெட்டு, அதற்குக் கீழே தண்ணீர் நிற்கும். தொட்டியில் தொங்கவிட்டுக் கூண்டைச் சாத்தி வோல்டேஜை ஏற்றினேன். 'டப்' என்று கேட்டால் போதும், வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். முள் அசையவில்லை. மூன்று நிமிடம் பார்த்தேன். இன்னொரு மூன்று நிமிடம் பார்த்தேன். நான் நறுக்கிப்போட்டது நல்ல கிளவுஸ்.

கெட்டது என் சீலோடு திருச்சுழிப் பக்கம் போய்விட்டது.

ஒயர்மேன் நம்பருக்குப் போட்டேன். அணைத்துவைத்திருந்தார். சாருக்குப் போடவில்லை. போட்டால் முதல் கேள்வி, சந்தேகம் இருந்தும் ஏன் சீல் குத்தினாய் என்பதாகத்தான் இருக்கும். செக்சன் ஆபீஸ் நம்பர் பதிவேட்டில் இருந்தது. அதற்குப் போட்டேன். இரண்டாவது மணியிலேயே ஒருவர் எடுத்து, "செக்சன், சொல்லுங்க" என்றார்.

நான் வைத்துவிட்டேன்.

காலையில் நானே நேரில் போய் வாங்கிவந்துவிடலாம், ஒருவருக்கும் தெரிய வேண்டாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அம்மா தட்டைப் பார்த்துவிட்டு உடம்புக்கு என்ன என்று கேட்டாள். தலைவலி என்றேன். பீரோவைத் திறந்து துணி எடுத்தபோது தலைகீழாக என் எழுத்துகள் தெரிந்தன. கதவை மூடினேன். படுத்த பிறகு கண்ணுக்குள் ஒரு கை வந்துகொண்டே இருந்தது. யார் கை என்று தெரியவில்லை. முகம் இல்லாத கை.

காலையில் முதல் பஸ் வரவில்லை. அடுத்ததில் நின்றுகொண்டே போனேன். இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, செக்சன் ஆபீஸில் கால் வைத்தபோது ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஃபோர்மேன் மட்டும் இருந்தார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ரெஜிஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். சீல் சரியாகப் பதியவில்லை, நேற்றுக் கொடுத்த கிளவுஸை எல்லாம் வாங்கிப்போய்த் திரும்பக் குத்திக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"சீல் பதியலைன்னா என்னம்மா?" என்றார் அவர். "கரண்டு என்ன சீலைப் படிச்சுப் பாத்துட்டா வருது?"

ஆனாலும் அலமாரியைத் திறந்து கொடுத்தார். ஏழு ஜோடி இருந்தன. மீதி நான்கு வேலைக்குப் போயிருக்கின்றன, சாயங்காலம் வரும் என்றார். எங்கே என்று கேட்டேன். ஒரு காட்டைச் சொன்னார், மூன்று கிலோமீட்டர். எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று கேட்டேன். ஒயர்மேன்கள் நான்கு பேர், ஒப்பந்த ஆள்கள் நான்கு பேர் என்றார். எட்டுப் பேருக்கு நான்கு ஜோடி எப்படி என்று கேட்டேன்.

அவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஒப்பந்த ஆள்களுக்குக் கிளவுஸ் கணக்கில் வராதாம். வெறுங்கையோடு நிற்கவைக்க மனசு வராமல் ஒயர்மேன்கள் தங்கள் ஜோடியைப் பிரித்துக்கொள்வார்களாம். வலது கை ஒயர்மேனுக்கு, சுவிட்ச் கைப்பிடியை இழுப்பதற்கு. இடது கை ஒப்பந்த ஆளுக்கு. எர்த் ராடைத் தூக்கிக் கம்பியில் மாட்டும்போது இடது கைதான் மேலே இருக்கும், கம்பிக்குக் கிட்டத்தில். "பாவம்னுட்டுக் குடுக்கிறதும்மா. சட்டம் இல்ல" என்றார்.

அப்படியானால் நான்கு இடது கைகளும் ஒப்பந்த ஆள்களிடம். கம்பிக்கு மிகக் கிட்டத்தில் இருக்கும் கை அது.

"லைன் நின்னதும் மொதல்ல என்ன செய்வாக?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பதில்தான்.

"எர்த் மாட்டுவாக. வேறென்ன?"

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது ஆனது. தலைக்கு மேல் ஓடிய மின்விசிறி மெதுவாகி நின்றது. லைனை நிறுத்திவிட்டார்கள். அந்த விசிறியின் இறக்கைகள் நின்ற வேகத்தில் நான் கட்டிவைத்த பொய்யும் நின்றுவிட்டது.

"சீல் இல்ல சார்" என்றேன். "ஒரு இடது கை ஓட்டை. நான் பாக்காம சீல் குத்திட்டேன். எதுன்னு எனக்குத் தெரியாது."

அவர் ஒன்றும் திட்டவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கினார். போனை எடுத்து ஒயர்மேனுக்குப் போட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் போனை பைக் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள், பேச்சு கவனத்தைக் கெடுக்கும் என்று. அது நல்ல வழக்கம். அன்றைக்கு அதுதான் குறுக்கே நின்றது. "ஏறு" என்றார் ஃபோர்மேன். ஏழு ஜோடியையும் சாக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் ஏறினேன்.

லைனை நிறுத்திய பிறகு என்ன பயம் என்று கேட்கலாம். நிறுத்திய கம்பியில்தான் பயம். கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டரைத் தப்பாகப் பூட்டியிருந்தால் அங்கேயிருந்து திரும்பி வரும். வேறு லைன் குறுக்கே போகும் இடத்தில் ஏதாவது உரசினாலும் வரும். அப்படி வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குள் இறங்கிவிடட்டும் என்றுதான் எர்த் மாட்டுவது. அந்த மாட்டுகிற ஒரு நிமிடத்துக்குத்தான் கிளவுஸ்.

தார் ரோடு முடிந்து காட்டுப்பாதைக்குள் திரும்பியதும் வண்டி திணறியது. முந்தின நாள் மழையில் கரிசல் ஊறிக் கிடந்தது. நூறடி போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண் அப்பி, வண்டி நின்றுவிட்டது. ஃபோர்மேன் குச்சியை ஒடித்து மண்ணைக் குத்தித் தள்ள ஆரம்பித்தார். தூரத்தில் கம்பம் தெரிந்தது. கம்பத்தடியில் ஆள்கள் தெரிந்தார்கள். நான் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். செருப்பில் கரிசல் ஒட்டிக் காலுக்கு ஒரு படி மண் ஏறியது. செருப்பைக் கழற்றி எறிந்தேன். பருத்திச் செடிகளுக்கு நடுவே வழுக்கி ஒரு தடவை விழுந்து எழுந்தேன். ஒருவர் நீளமான ராடை இரண்டு கையாலும் தூக்குவது தெரிந்தது. வெயிலில் ராடின் நுனி மேலே ஏறிக்கொண்டிருந்தது. மேல் கையில் கிளவுஸ். கீழ்க் கை வெறுங்கை.

என்ன கத்தினேன் என்று எனக்குத் தெரியாது. "மாட்டாதீங்க" என்று கத்தியதாகப் பிறகு சொன்னார்கள். ராடு அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது.

ராடைப் பிடித்திருந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். கிட்டே போய்ச் சாக்கை இறக்கினேன். ஒயர்மேன் என் சேறு படிந்த சுடிதாரையும் வெறுங்காலையும் பார்த்துவிட்டு, "என்ன தாயி, சொந்தக் காட்டுல பருத்தி எடுக்க வந்த மாதிரி வார?" என்றார். யாரோ சிரித்தார்கள். நான் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். நேற்று மழையில் கலந்துவிட்டது, எனக்குத் தெரியும் என்று சொன்னது பொய், உங்களில் ஒருவர் கையில் இருப்பது கெட்ட கிளவுஸாக இருக்கலாம்.

சிரிப்பு நின்றது. யாரும் சொல்லாமலே நான்கு பேரும் இடது கையிலிருந்து உருவினார்கள். ஒருவர் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ராடு பிடித்தவர் மட்டும் பதற்றமில்லாமல் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"சுண்டுவிரல்ல பஞ்சு கெடக்கும்மா. பாத்து எடுங்க" என்றார்.

அவருடைய இடது சுண்டுவிரலில் மேல் கணு இல்லை. முன்பு மில்லில் வேலை பார்த்தபோது போயிற்று என்றார். கிளவுஸில் அந்த விரல் காலியாக மடங்கி ராடில் சிக்குகிறது என்று, பக்கத்துச் செடியிலிருந்து பருத்தியைப் பிய்த்து அடைத்துக்கொள்வாராம்.

ஃபோர்மேன் மண் அப்பிய கையோடு வந்து சேர்ந்தார். வேறு செக்சனிலிருந்து கிளவுஸ் வரவழைத்து வேலையைத் தொடங்க மத்தியானம் ஆகிவிட்டது. கரண்டு வருவதும் அந்த அளவுக்குத் தள்ளிப்போனது. ஊர்க்காரர்கள் ஆபீஸுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். கம்பியைக் கருவி வைத்துப் பார்த்தபோது அதில் மின்சாரம் இல்லை. அன்றைக்கு அவர் மாட்டியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. இதைச் சொல்லி எனக்குப் பலர் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மறுநாளும் அந்தக் கெட்ட கிளவுஸ் யாரோ ஒருவர் கையில்தான் இருந்திருக்கும், அதற்கு மறுநாளும். என் சீல் அழியும்வரை.

ஒயர்மேன் என்னோடு கூடத்துக்கு வந்தார், தானே கண்ணால் பார்க்க வேண்டும் என்று. சார் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, முதலில் கெட்டதைக் கண்டுபிடி, மற்றதை அப்புறம் பேசலாம் என்றார். குழாயடியில் நின்று கிளவுஸ்களைக் கழுவினேன். பஞ்சு அடைத்த கிளவுஸிலிருந்து பஞ்சை எடுத்து யாருக்கும் தெரியாமல், கூடத்தில் மாட்டிக்கொள்ளும் கோட்டின் பையில் போட்டுக்கொண்டேன். பதினொன்றையும் மேசையில் வரிசையாக வைத்தேன். அதைக் கடைசியில் வைத்தேன். பயம்தான்.

முதலில் அலமாரியில் இருந்த ஏழு. கெட்டது இவற்றில் இருக்க வேண்டும், யார் கையும் படாத ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏழும் தேறின. எட்டாவது தேறியது. ஒன்பதாவது, பத்தாவது. மிச்சம் ஒன்றுதான். சோதிக்கவே தேவையில்லை. ஆனாலும் தண்ணீர் ஊற்றினேன், தொங்கவிட்டேன், கூண்டைச் சாத்தினேன். வோல்டேஜ் பாதிகூட ஏறவில்லை. டப்.

ஈரக் கையோடு கத்தரிக்கோலை எடுத்தேன். ஒயர்மேன் "பொறு" என்றார். கிளவுஸை வாங்கி, தண்ணீரை உதறி, துணியால் துடைத்தார். வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்தார். கன்னத்தில் வைத்தார். அமுக்கினார். கண்ணை மூடிக்கொண்டு, விரல் விரலாக, நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். காற்று வரவில்லை. திரும்பச் சுருட்டி அடுத்த கன்னத்தில் வைத்தார். அப்போதும் வரவில்லை.

இருபது வருடத்துக்கு மேலாக அவர் அப்படித்தான் பார்த்துப் போட்டுக்கொண்டு ஏறியிருக்கிறார். அவர் முகத்தில் நான் பார்த்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கிளவுஸை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டார். நான் நறுக்கினேன்.

வாசல் வரை போனவர் திரும்பிவந்தார்.

"இது யார் கையில கெடந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

நான் மேசையில் சிந்திய தண்ணீரைத் துடைத்தேன்.

"தெரிஞ்சாலும் சொல்லாத தாயி. தெரிஞ்சுச்சுன்னா அந்த ஆளு நாளைக்கு ராடத் தொட மாட்டாரு. அவருக்கு வேற பொழப்பு இல்ல."

சார் விளக்கக் கடிதம் எழுதச் சொன்னார். மழை, குறி, மைக்கறை, சீல் எல்லாம் எழுதினேன். செக்சனுக்குப் போன் போட்டு, எடுத்ததும் வைத்துவிட்டேன் என்ற ஒரு வரியை எழுதத்தான் நேரம் ஆனது. அதை எழுதாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சார் படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்து, "மத்ததெல்லாம் தப்பும்மா. இது வேற" என்றார். சீலை வாங்கிப் பூட்டிவைத்தார். பல மாதங்கள் கழித்துத்தான் திருப்பிக் கொடுத்தார். சாயங்காலம் மொத்தமாக நறுக்கும் வழக்கத்தையும் அன்றோடு நிறுத்தினார். இப்போது 'டப்' என்று கேட்டால் அடுத்த நொடி என் கையில் கத்தரிக்கோல் இருக்கும். மழை வாடை வந்தால் இன்றைக்கும் எழுந்து போய்க் கொடியை எட்டிப் பார்க்கிறேன்.

சீல் திரும்ப வந்த பிறகு ஒரு நாள், எம்.ரெட்டியபட்டி போகும் பஸ்ஸில் அந்த ஒப்பந்த ஆளைப் பார்த்தேன். எனக்குச் சற்று முன்னால், மேலே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது கை. சுண்டுவிரல் கம்பியைச் சுற்றாமல் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அது என்னுதுதானம்மா?" என்றார்.

ஒயர்மேன் சொன்னது நினைவுக்கு வந்தது. வேறு பொழப்பு இல்லை. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்தச் சொல் எனக்கு எளிதாக வரும். ஒயர்மேனிடம் தெரியும் என்று சொன்னபோது பொய் எவ்வளவு எளிதாக வந்தது என்று எனக்குத் தெரியும்.

"ஆமாண்ணே" என்றேன். "ஒங்களுதுதான்."

அவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். பஸ் குலுங்கியது. சாய்ந்து, சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அவர் நிறுத்தம் வந்தது. இறங்கும்போது படியில் நின்று திரும்பி, "இனி ரெண்டு கையும் குடுத்தாத்தான் ராடத் தொடுவேன்னு சொல்லப்போறேன்" என்றார். அவர் முகத்தில் வீரம் இல்லை. பயந்துதான் இருந்தார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

சொன்னாரா, கொடுத்தார்களா, வேலையே போய்விட்டதா என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. ஒயர்மேன் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாகக் கிளவுஸ் கொண்டுவருகிறவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. போன வாரம் அந்தச் செக்சன் கட்டு வந்தது. பிரித்துக் கழுவும்போது ஒரு இடது கையின் சுண்டுவிரலில் பஞ்சு இருந்தது. வேலையில் இருக்கிறார். இரண்டு கையும் கொடுத்தார்களா என்று பார்க்க, அதன் ஜோடி வலது கையைத் தேடி எடுத்து, உள்ளே கையை விட்டுத் துழாவினேன். அவருடைய வலது கையில் ஐந்து விரலும் முழுதாக இருக்கின்றன. அந்தக் கிளவுஸ் அவர் போட்டதா, வேறொருவர் போட்டதா என்று சொல்ல அதற்குள் ஒன்றும் இல்லை.

இரண்டிலும் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன்.